இரைப்பையை வெட்டினால் பசி எங்கே போகிறது

நிறை குறைவதற்காக இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுக்கும் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த நான்காம் நாள் காலையில் அம்மா அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துப் பிசைந்த கோதுமை மா கல்லில் வேகும் வாசம், 42 வருடங்களாக என் நாவில் நீர் ஊற வைத்த வாசம். அம்மா தோட்டத்தில் காலை வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் சுட்டு அடுக்கிவிட்டுப் போன ரொட்டியையும் தேங்காய்ச் சம்பலையும் தின்று வளர்ந்த உடம்பு இது. அன்றும் அந்த வாசம் வந்தது, மூக்குக்கு நன்றாகவே இருந்தது. ஆனால், அந்த வாசம் பட்டதும் வயிற்றுக்குள்ளிருந்து எழும்பி வந்து என்னை அடுப்படிக்கு இழுத்துச் செல்லும் ஒன்று அன்று எழும்பவில்லை. பருப்புத் தண்ணீரைச் சிறு கரண்டியால் குடித்துவிட்டு நான் சன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

காயத்தின் வலியாலும் மருந்துகளாலும் வந்த மந்தம் என்றுதான் முதலில் எண்ணினேன். வாரங்கள் கடந்து, வலியும் போய், மருந்துகளும் குறைந்த பிறகும் அந்தப் பழைய பசி திரும்பவில்லை. அது எங்கே போனது என்று எனக்குத் தமிழில் விளங்கப்படுத்த வைத்தியசாலையில் ஆள் இருக்கவில்லை. சிங்களத்தில் சொல்லப்பட்டதை ஒரு தாதி பாதியாக மொழிபெயர்த்தார், கையில் கொடுத்த தாளிலும் தமிழ் இல்லை. ஆகவே, பாடம் நடத்துவதற்குத் தயார் செய்வதுபோல் நானே தேடி வாசித்தேன். அப்படி அறிந்ததை, இதே கேள்வியோடு இருக்கும் தமிழ் வாசகர்களுக்காக எழுதுகிறேன்.

இலங்கை மலையகத்தில் ஹற்றனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் ஆசிரியை. உயரம் 156 சென்றிமீற்றர், சத்திரசிகிச்சைக்கு முன்பு நிறை 112 கிலோ, உடற்திணிவுச் சுட்டி 46. ஆசிய மக்களுக்கு இந்தச் சுட்டி 27.5ஐத் தாண்டினாலே ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் குறிப்பிட்டது, ஏனெனில் நமக்குக் குறைந்த நிறையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்ந்து நீரிழிவு வந்துவிடுகிறது. எனக்குச் சீனியும் பிரஷரும் இருந்தன. தூக்கத்தில் மூச்சு அடைத்து எழுந்து உட்காருவேன். பாதையிலிருந்து வீட்டுக்கு ஏறும் 86 படிகளில் மூன்று இடங்களில் நின்றுதான் வந்து சேருவேன்.

"வாயக் கட்டுனா எல்லாம் சரியாயிரும் டீச்சர்." இதைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் கேட்டிருக்கிறேன், கிளினிக் வரிசையில் கேட்டிருக்கிறேன், கல்யாண வீட்டுப் பந்தியில் இலைக்கு முன் உட்கார்ந்திருக்கும்போதும் கேட்டிருக்கிறேன். உண்மையில் நான் வாயைக் கட்டியிருக்கிறேன், ஒரு முறையல்ல, மூன்று முறை. 2011இல் ஐந்து மாதம் இரவுச் சாப்பாட்டை விட்டு, தேத்தண்ணீரில் சீனியை விட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மலையில் நடந்து 13 கிலோ குறைத்தேன். அந்த ஐந்தாம் மாதத்தில் எனக்கு இருந்தது வகுப்பில் கரும்பலகையைப் பார்க்கும்போதும் சோறே நினைவில் நிற்கிற பசி, நள்ளிரவில் எழுப்புகிற பசி. அடுத்த வருடம் முடிவதற்குள் 16 கிலோ கூடியிருந்தது. அது என் மனத்தின் பலவீனம் என்று நானே நம்பினேன். பத்து வருடம் அந்த வெட்கத்தைச் சுமந்தேன், அது தேவையே இல்லாத வெட்கம் என்பதை இப்போது உறுதியாகச் சொல்வேன்.

உடம்பு தன் நிறையைக் காவல் காக்கிறது. மூளையின் அடியில் ஹைப்போதலமஸ் என்ற சிறு பகுதி, கொழுப்புத் திசுவிலிருந்தும் குடலிலிருந்தும் வரும் செய்திகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கையிருப்புக் குறைகிறது என்ற செய்தி வந்தால் பசியைக் கூட்டுகிறது, செலவைக் குறைக்கிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில், 1944-45இல், அமெரிக்காவின் மினசோட்டாவில் அன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி, தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களை 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்துக் கவனித்தார். அவர்கள் நிறையில் கால்வாசியை இழந்தார்கள். உணவைத் தவிர வேறு எதிலும் மனம் ஒட்டாமல் சமையல் புத்தகங்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களின் இதயத் துடிப்புக் குறைந்தது, உடல் குளிர்ந்தது, செலவாகும் சக்தி சுருங்கியது. 2016இல் கெவின் ஹால் என்பவர் தலைமையில் வெளிவந்த இன்னோர் ஆய்வு, தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் உணவுக் கட்டுப்பாட்டாலும் கடும் பயிற்சியாலும் பெருமளவு நிறை குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்து அளந்தது. பெரும்பாலானோருக்கு நிறை திரும்பிவிட்டிருந்தது, ஆனாலும் அவர்கள் உடம்பு அந்த அளவு உடம்புக்கு எதிர்பார்க்கப்படுவதைவிட நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாகவே செலவழித்தது. உடம்பு ஆறு வருடம் கழித்தும் பட்டினியை மறக்கவில்லை.

இதை வாசித்தபோது எனக்கு அம்மாவின் நினைவுதான் வந்தது. 1974இல் தோட்டங்களில் பஞ்சம் வந்தபோது அம்மாவுக்கு 15 வயது. அரிசியும் மாவும் கிடைக்காமல், கிழங்கையும் கீரையையும் அவித்துத் தின்று, சிலர் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலேயே செத்துப்போனதைப் பார்த்தவர் அவர். அந்த வருடம் தோட்டப்புற மரண வீதம் கூர்மையாக உயர்ந்தது பதிவுகளில் இருக்கிறது. எங்கள் வீட்டில் தட்டில் மீதி வைப்பது பாவம். இத்தகைய காலங்களில் உயிர் பிழைக்க உதவியது, குறைவதைத் தடுத்து நிறுத்தும் இந்த ஏற்பாடுதான். மேசையில் உட்கார்ந்து வேலை செய்து, கோதுமை மாவையும் சீனித் தேத்தண்ணீரையும் தடையின்றிப் பெறும் என் உடம்பிலும் அதே ஏற்பாடு அப்படியே இருக்கிறது. நாளுக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு மூன்று கரண்டி என்றால் 60 கிராம் சீனி, தேத்தண்ணீரில் மட்டும் 240 கலோரி. அம்மா அதை மலையேறிக் கொழுந்தெடுத்து எரித்தார். நான் எரிக்கவில்லை.

இனிச் சத்திரசிகிச்சைக்கு வருகிறேன். எட்வர்ட் மேசன் என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர், வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் பெரும்பகுதியை இழந்தவர்கள் மெலிந்தே இருப்பதைக் கவனித்து, 1966இல் முதன்முதலாக இரைப்பை பைபாஸைச் செய்தார். இன்று அந்த முறையில் இரைப்பையின் மேல்பகுதியில் 30 மில்லிலீற்றர் அளவிலான சிறு பையொன்றைப் பிரித்தெடுத்து, சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேரே இணைக்கிறார்கள். உணவு பெரும் இரைப்பையையும் சிறுகுடலின் முதற்பகுதியையும் தொடாமல் போகிறது. (பைபாஸ் என்ற சொல்லைக் கேட்டு எங்கள் தோட்டத்தில் பலர் எனக்கு நெஞ்சில் ஒப்பரேஷன் என்று நினைத்து அழுதார்கள். ஆகவே சொல்கிறேன், இதற்கும் இதயத்துக்கும் சம்பந்தமில்லை.) எனக்குச் செய்தது வேறொரு முறை, வார்ட்டில் எல்லோரும் 'ஸ்லீவ்' என்றே சொல்வார்கள். வயிற்றில் ஐந்து சிறு துளைகள் இட்டு, இரைப்பையின் வெளிவளைவை நெடுக வெட்டித் தைத்து, ஏறக்குறைய 75 முதல் 80 வீதத்தை வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது சட்டைக்கை போன்ற ஒரு குழாய். மிகப் பருமனானவர்களுக்கு ஒரு பெரிய சத்திரசிகிச்சையின் முதற்கட்டமாகவே இது முன்பு செய்யப்பட்டது. பலருக்கு முதற்கட்டத்திலேயே போதுமான நிறை குறைந்ததால் இது தனிச் சிகிச்சையாக நிலைத்தது.

பை சிறிதானால் சாப்பாடு குறையும், சாப்பாடு குறைந்தால் நிறை குறையும் என்றுதான் எல்லோரும் விளங்கிக்கொள்கிறார்கள், நானும் அப்படித்தான் விளங்கிக்கொண்டிருந்தேன். பை சிறிதாவது உண்மை. ஒரு லீற்றருக்கு மேல் கொள்ளும் இடம் 150 மில்லிலீற்றருக்குள் சுருங்குகிறது. ஆனால் அது மட்டுமே காரணம் என்றால், நான் வாயைக் கட்டிய ஐந்து மாதத்துக்கும் இதற்கும் வேறுபாடு இருக்கக்கூடாது. அப்போது குறைவாகச் சாப்பிட்டபோது பசி வெறிகொண்டது. இப்போது அதைவிடக் குறைவாகச் சாப்பிடும்போது பசி அடங்கிக் கிடந்தது. இந்த வேறுபாட்டில்தான் சிகிச்சையின் உள்விஷயம் இருக்கிறது.

1999இல் ஜப்பானில் கொஜிமா, கங்காவா என்ற இருவர் குழுவினர் இரைப்பையிலிருந்து சுரக்கும் ஒரு ஹோர்மோனைக் கண்டுபிடித்தார்கள், அதன் பெயர் கிரெலின். சாப்பாட்டுக்கு முன் இரத்தத்தில் ஏறி, சாப்பிட்டபின் இறங்கும். மூளைக்குப் பசியைச் சொல்லும் தூதுகளில் அது முக்கியமானது. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டால் 17 வீதம் நிறை குறைத்தவர்களின் உடம்பில் நாள்முழுவதுமான கிரெலின் அளவு 24 வீதம் கூடியிருந்தது. அதாவது, மெலிந்ததற்குத் தண்டனையாகக் கூடுதல் பசி. அதே ஆய்வில் இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு, அவ்வளவு மெலிந்தும், கிரெலின் மிகவும் தாழ்ந்திருந்தது. கிரெலின் பெரும்பாலும் இரைப்பையின் மேற்குவிந்த பகுதியில் சுரக்கிறது. ஸ்லீவில் வெட்டி எடுக்கப்படுவது அந்தப் பகுதிதான். 2011இல் என் நள்ளிரவுகளில் கூவிய அந்தக் குரலின் பெரும்பகுதி, 2023இல் ஒரு தட்டில் வைத்து வெளியே கொண்டுபோகப்பட்டது என்று நான் விளங்கிக்கொண்டேன். இதை முதன்முதலில் வாசித்த இரவு எனக்கு அழுகை வந்தது.

அதோடு இன்னொன்றும் நடக்கிறது. அகன்ற பையில் உணவு தங்கி அரைபட்டு மெதுவாக இறங்குவது நின்று, குழாய் வழியே விரைவாகச் சிறுகுடலின் கீழ்ப்பகுதிவரை போய்ச் சேருகிறது. அந்தக் கீழ்ப்பகுதியில் உள்ள உயிரணுக்கள் உணவு பட்டதும் ஜீ.எல்.பி.-1, பீ.வை.வை. என்ற ஹோர்மோன்களைச் சுரக்கின்றன. 'வயிறு நிறைந்தது, போதும்' என்று மூளைக்குச் சொல்பவை அவை. சத்திரசிகிச்சைக்குப் பின் சாப்பிட்டவுடன் அவை முன்பைவிடப் பல மடங்கு எழுகின்றன. அரை முட்டையில் எனக்கு வந்த நிறைவு, முன்பு இரண்டு தட்டுச் சோற்றில் வராத நிறைவு. அது கஷ்டப்பட்டு நிறுத்திக்கொள்வதல்ல, உண்மையிலேயே போதும் என்ற உணர்வு. இப்போது பேசப்படும் செமக்ளுட்டைட் போன்ற நிறை குறைக்கும் ஊசிமருந்துகள், இந்த ஜீ.எல்.பி.-1இன் வேலையைத்தான் பாவனை செய்கின்றன.

சீனி வருத்தத்தில் நடந்ததுதான் எனக்கு மிகப்பெரிய வியப்பு. நிறை இறங்குவதற்கு முன்பே, சத்திரசிகிச்சை முடிந்து சில நாட்களிலேயே, என் இரத்தச் சீனி இறங்கி மருந்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. உணவு குறைந்ததும் ஒரு காரணம், சீனி ஏறும்போது இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் ஜீ.எல்.பி.-1 கூடியதும் ஒரு காரணம். ஆயினும் எல்லோருக்கும் முற்றாகக் குணமாகும் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. கட்டுப்பாடில்லாத நீரிழிவுள்ள 150 பேரை மூன்று பிரிவாக்கி ஐந்து வருடம் பின்தொடர்ந்து 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மூன்று மாதச் சராசரிச் சீனி அளவை 6 வீதத்துக்குள் கொண்டுவந்தோர், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 வீதம், ஸ்லீவ் செய்தவர்களில் 23 வீதம், பைபாஸ் செய்தவர்களில் 29 வீதம். மருந்தைவிட மிக மேல், ஆனால் எல்லோரும் அல்லர். நீரிழிவு வந்து நெடுநாளானவர்களுக்குப் பலன் குறைவு. நான் காத்திருந்த வருடங்களை நினைத்து வருந்துவது இதனால்தான்.

நீண்டகாலம் நிற்குமா என்ற கேள்விக்கு சுவீடனின் ஆய்வு விடை தருகிறது. 1987இல் தொடங்கிய அந்த ஆய்வில், சத்திரசிகிச்சை செய்த 2,010 பேரும் வழமையான சிகிச்சை பெற்ற 2,037 பேரும் இருந்தார்கள். 20 வருடம் கழித்து முதற்பிரிவினர் சராசரியாக ஆரம்ப நிறையில் 18 வீதம் குறைந்தே இருந்தார்கள், இரண்டாம் பிரிவினர் 1 வீதம். மரணங்களும் முதற்பிரிவில் குறைவாக இருந்தன.

என் சத்திரசிகிச்சை 2022இல் நடந்திருக்க வேண்டியது. நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்து அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் தள்ளிப்போடப்பட்டபோது என் நாளும் தள்ளிப்போனது. சத்திரசிகிச்சைக்கு முந்திய இரண்டு வாரங்கள் மாப்பொருளும் கொழுப்பும் மிகக் குறைந்த உணவு. ஈரல் சுருங்கினால்தான் அதை ஒதுக்கி இரைப்பையை அணுக முடியும் என்பதற்காக. பின்பு இரண்டு வாரம் நீராகாரம், அடுத்து மசித்தது, அடுத்து மெதுவானது. பாட்டியின் கைப்பக்குவத்தில் பயறுக் கஞ்சி, அரைத்த நெத்தலி, முள்ளெடுத்த டின்மீன், தயிர். ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும், ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்று கணக்கிட்டால் அது எவ்வளவு கவனம் கேட்கும் என்பது புரியும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக்கூடாது, அரை மணி இடைவெளி வேண்டும். முதல் ஆறு மாதத்தில் 22 கிலோ போனது, ஒன்றரை வருடத்தில் 32 கிலோ. இன்று 80ஐ ஒட்டி நிற்கிறேன். நான் மெலிந்த பெண்ணாகவில்லை. ஆனால் இரவில் மூச்சடைத்து எழுவதில்லை, படிகளில் நிற்பதில்லை.

விலையும் இருக்கிறது, அதை மறைத்து எழுதுவது குற்றம். தையலிடத்தில் கசிவு வரலாம், நூறில் ஒருவருக்கு அண்மையாக வருகிறது. ஆயிரத்தில் ஒருவர் முதல் மூவர் வரை முதல் மாதத்துக்குள் இறக்கவும் கூடும். நான்காம் மாதத்தில் எனக்குச் சீப்பு நிறைய முடி கொட்டியது, பிறகு முளைத்தது. ஸ்லீவுக்குப் பின் நெஞ்செரிவு கூடலாம், எனக்குக் கூடியது. பித்தக்கற்கள் வரலாம். கையிலும் வயிற்றிலும் தோல் தொங்குகிறது. வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவதற்குத் தேவையான பொருள் இரைப்பையில்தான் சுரக்கிறது, அதனால் வாழ்நாள் முழுவதும் ஊசியோ மாத்திரையோ வேண்டும், இரும்புச்சத்தும் கல்சியமும் வைட்டமின் டீயும் அப்படியே. இங்கே மலையகத்துப் பெண்களுக்குச் சிறப்பாக ஒன்று சொல்ல வேண்டும். இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணீரோடு விழுங்கினால், தேயிலையின் தனின் அதை உறிஞ்சவிடாது. ஏற்கனவே இரத்தசோகை மிகுந்த ஊரில், அமிலம் குறைந்த வயிற்றோடு, மூன்று வேளையும் தேத்தண்ணீரோடு மாத்திரை எடுப்பது மாத்திரையை வீணாக்குவது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பிள்ளை பெற எண்ணும் பெண்கள் ஒன்று முதல் ஒன்றரை வருடம் வரை பொறுத்திருக்க வேண்டும்.

பதினெட்டாம் மாதத்தில் பசி கொஞ்சம் திரும்பியது. அது பழைய வெறியல்ல, தட்டு காலியாவதற்கு முன்பே போய்விடும் பசி. சிலருக்கு நிறை ஓரளவு திரும்பக் கூடும். இனிப்பான பானங்களைக் குழாய் தடுக்காது, அவை வழுக்கி இறங்கிவிடும். உடம்பு தன் காவலைத் தளர்த்தும் அந்த முதல் ஒன்றரை வருடத்தில் புதிய பழக்கங்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று வைத்தியர் வற்புறுத்தினார். அவர் சொன்னதில் எனக்கு முழுதாக விளங்கிய ஒன்று அதுதான்.

ஊட்டக்குறைவுள்ள ஊரில் உடற்பருமனைப் பற்றி எழுதுவதா என்று ஒரு சக ஆசிரியை கேட்டார். 2016இல் எடுக்கப்பட்ட நாடளாவிய குடித்தொகை, சுகாதார அளவெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப்புறக் குழந்தைகளில் ஏறக்குறைய 32 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர், நாடு முழுவதற்கும் அது 17 வீதம். அந்த எண் என் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் நிறை குறைந்து பிறந்து, சிறுவயதில் வாடிய உடம்புகளுக்கே, பின்னாளில் மாவும் சீனியும் மலிவாகக் கிடைக்கும்போது நீரிழிவு எளிதாகப் பிடிக்கிறது. என் பார்வையில் இரண்டும் ஒரே பசியின் கதை. ஒன்றைப் பேசுவதால் மற்றதை மறந்ததாகாது.

என் அண்ணனுக்கு உடற்திணிவுச் சுட்டி 37, சீனி வருத்தம் ஆறு வருடமாக. போன மாதம் அம்மா சுட்ட ரொட்டியில் பாதியை நான் தட்டிலேயே விட்டபோது, அம்மா ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்து வேறு தட்டால் மூடினார். 1974இன் அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய விட்டுக்கொடுப்பு என்பதை நானும் அண்ணனும் அறிவோம். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அறுத்துட்டா உண்மையிலேயே பசிக்காதா தங்கச்சி?" என்று கேட்டார். அன்றிரவு மேசையில் உட்கார்ந்து இரைப்பையின் படம் வரைந்து, கிரெலின் எங்கே சுரக்கிறது என்று காட்டி, கசிவையும் பி12ஐயும் சேர்த்தே விளக்கினேன். கிளினிக்குக்கு அடுத்த வியாழன் காலை ஆறு மணி பஸ்ஸில் போகிறோம், தமிழில் கேட்பதற்கான கேள்விகளை நான் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.